டெஸ்ட் பட்டன்

முத்தியால்பேட்டை வீட்டு பாத்ரூமில் பிளக் பாயின்ட் கேட்டாள் அம்மா. அதுவரை ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து, வாளியில் ஹீட்டர் ராடைப் போட்டு, சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்ப்பாள். சுவிட்சை அணைக்காமலே. "இருவது வருஷமா இப்படித்தான்டா."

எலக்ட்ரீஷியன் ஹால் சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார். மூன்று ஓட்டை, இரண்டு ஒயர். எர்த்தே இல்லை.

"அதான் எம்சிபி இருக்கேண்ணே?" என்றேன். படித்தது இன்ஜினியரிங், வெட்கமாகத்தான் இருக்கிறது.

"அது ஒயரைக் காப்பாத்தும் தம்பி. ஆளை இல்ல."

16 ஆம்பியர் எம்சிபி, அதற்கு மேல் போனால்தான் விழும். ஆளைக் கொல்ல ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். ஆர்சிசிபி வேறு ரகம்: ஃபேஸில் போன கரண்ட் முழுக்க நியூட்ரலில் திரும்பியதா என்று கணக்குப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே கண்ணிமைப்பதற்குள் வெட்டிவிடும்.

எர்த் இழுத்தோம், ஆர்சிசிபி போட்டோம். ராடுக்குப் பதில் கெய்சர். பாயின்ட் ஷவரிலிருந்து தள்ளி, கைக்கு எட்டாத உயரத்தில். சுவிட்ச் கதவுக்கு வெளியே.

மாதம் ஒன்றாம் தேதி பெங்களூரிலிருந்து போன் செய்வேன். அம்மா டெஸ்ட் பட்டனை அமுக்குவாள். டக்.

"கரண்ட் போச்சுடா."

"நல்லதும்மா. மேல தள்ளிவிடு."