செங்கல்பட்டு தாண்டினால் ஐரோப்பா

பிரான்ஸ், இங்கிலாந்து, போர்ச்சுகல், டென்மார்க், ஹாலந்து. இந்த ஐந்து நாட்டுக்காரர்களும் கிடங்கு வைத்து, கோட்டை கட்டி, கல்லறையும் போட்டுக்கொண்ட ஊர்கள் புதுச்சேரியிலிருந்து நாகப்பட்டினம் வரை ஒரே கடற்கரையில் வரிசையாக இருக்கின்றன. விசா வேண்டாம், ஸ்வெட்டர் வேண்டாம். மறைமலை நகர் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறிச் செங்கல்பட்டில் வண்டி மாறினால் போதும்.

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் வேலை. கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஆலையில் குவாலிட்டி பிரிவு. மே மாதம் அங்கே வருடாந்திர ஷட்டவுன். எனக்கும் பள்ளிக்கூட விடுமுறை. அவருடன் வேலை செய்யும் ஒருவர் பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வரை மனைவியோடு ரயிலில் போன படங்களை வாட்ஸ்அப்பில் போட்டுக்கொண்டே இருந்தார். "நாமளும் ஐரோப்பா போலாங்க, நம்ம பட்ஜெட்டுல" என்றேன். திட்டத்தைக் கேட்டுவிட்டு, "கத்திரி வெயில்ல கடலோரமாவா?" என்றார். "கோட்டு போட்டுக்கிட்டு அவனே இருந்திருக்கான், நமக்கென்ன" என்று டிக்கெட் எடுத்துவிட்டேன்.

எழும்பூரிலிருந்து புதுச்சேரி போகும் காலை பாசஞ்சரைச் செங்கல்பட்டில் பிடித்தோம். பாலாற்றுப் பாலத்தில் கீழே பார்த்தால் மணல்தான். மதுராந்தகம், மேல்மருவத்தூர், திண்டிவனம் என்று ஏறி இறங்கும் கூட்டம் மாறிக்கொண்டே இருந்தது. விழுப்புரத்தில் வண்டி முக்கிய வழியை விட்டுக் கிழக்கே திரும்புகிறது. 1879இல் போட்ட பாதை இது. அன்றைக்கு இந்தச் சிறு தூரத்தில்தான் பிரிட்டிஷ் இந்தியா முடிந்து பிரெஞ்சு இந்தியா தொடங்கியது. தண்டவாளம் புதுச்சேரியோடு நின்றுவிடுகிறது. பக்கத்திலேயே இருக்கும் கடலூருக்கு அங்கிருந்து ரயில் கிடையாது. பஸ்ஸில் போகலாம், அல்லது விழுப்புரத்துக்கே திரும்ப வேண்டும். எல்லைக்கோடு அழிந்து பல காலம் ஆகியும் ரயில் வரைபடத்தில் அது அப்படியே இருக்கிறது.

புதுச்சேரியில் எல்லாரும் படம் எடுக்கும் மஞ்சள் சுவர்களைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நேர்க்கோட்டுத் தெருக்கள் பிரெஞ்சுக்காரர் போட்டவை என்று நினைத்தால் அது பாதிதான் சரி. பிரான்சுவா மார்த்தான் 1674இல் இங்கே குடியேற்றத்தைத் தொடங்கினார். 1693இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தார்கள். கட்டம் போட்ட தெருத் திட்டம் அவர்கள் வரைந்தது. 1761இல் ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் பார்க்கும் பிரெஞ்சு வீடுகள் பெரும்பாலும் அதற்குப் பின் எழுந்தவை.

ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு இருக்கிறது. கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். சரக்கு வாங்க, விலை பேச, கவர்னரின் கோபத்தை ஊராருக்கும் ஊராரின் கோபத்தைக் கவர்னருக்கும் பதமாகச் சொல்ல இவர் வேண்டும். "எங்க கம்பெனியில ஜப்பான்காரருக்கும் நமக்கும் நடுவுல ஒருத்தர் நிக்கிறாரே, அதே வேலைதான்" என்றார் வீட்டுக்காரர்.

அவர் அப்படிச் சொன்னதிலிருந்து பயணம் எங்களுக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் 1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை உருவாக்கினார். அடுத்த ஆண்டே அரண்மனைகளுக்குக் கண்ணாடி செய்ய இன்னொரு கம்பெனியைத் தொடங்கி வைத்தார். அதுதான் செயின்ட் கோபைன். முதல் கம்பெனி புதுச்சேரியில் வந்து இறங்கியது. இரண்டாவது கம்பெனி 2000ஆம் ஆண்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி செய்கிறது. ஒரே அமைச்சர் தொடங்கிய இரண்டு கம்பெனிகள், முந்நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி விட்டு, நம் பக்கத்துக்கே வந்திருக்கின்றன.

விழுப்புரம் திரும்பி மயிலாடுதுறை வண்டியில் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கினோம். கடலூரின் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை இருந்த இடத்தில் இப்போது கொஞ்சம் இடிபாடுதான். ஆனால் அதை வாங்கிய கதை இருக்கிறதே! 1690இல் மராட்டியரிடம் ஆங்கிலேயர் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். சுற்றியுள்ள நிலம் எவ்வளவு என்பதற்கு அளவு, பீரங்கியால் சுட்டால் குண்டு போய் விழும் தூரம். நாலா பக்கமும் சுட்டுப் பார்த்து, குண்டு விழுந்த இடம் வரை தங்களுடையது என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் விழுந்தது. "நாங்க இருபது மைக்ரான் கூடினா பார்ட்டைத் தூக்கிப் போடுறோம். இவன் பீரங்கியை வெச்சு அளந்திருக்கான்" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கோட்டைதான், 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது, சில ஆண்டுகள் ஆங்கிலேயருக்கு இந்தக் கடற்கரையின் தலைமையிடமாக இருந்தது.

சிதம்பரத்துக்கு முன்னால் பரங்கிப்பேட்டையில் வண்டி நின்றது. நாங்கள் இறங்கவில்லை. போர்ச்சுகீசியர் வந்து தங்கிய துறைமுகம் இது. 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாது, காட்டு மரத்தை எரித்த கரி, ஏற்றுமதி இங்கிலாந்துக்கு. கரிக்கு மரம் கிடைப்பது கடினமாகிச் செலவு ஏற ஏற ஆலை நொடித்து மூடிப்போனது. பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரிடம் இதைச் சொன்னேன். "இங்க நண்டு நல்லா இருக்கும்மா, அதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு முன்பு ரயில் ஓடியது. 1986இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே பஸ். அந்த பஸ் திருக்கடையூர் வழியாகப் போகிறது. அறுபதாம் கல்யாணத்துக்குப் போகும் குடும்பங்கள் மாலையும் பழத்தட்டுமாக ஏறி, எங்களையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துப் பார்த்தன. "எங்களுக்கு இன்னும் நாள் இருக்குங்க" என்று அவர் அவசரமாகச் சொன்னார்.

தரங்கம்பாடியில் நகர வாசல் வழியாக உள்ளே நுழைந்ததும் சத்தம் குறைந்துவிடுகிறது. ராஜவீதியின் இரு பக்கமும் உயரத் தூண் வைத்த வீடுகள், தேவாலயங்கள். முடிவில் கடல், கடலைப் பார்த்த மாதிரி டேன்ஸ்போர்க் கோட்டை. டென்மார்க் அனுப்பிய ஓவ கெடே 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கட்டியது. நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்க ஏட்டில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கோட்டைக்குள் கீழே வளைவு வளைவாகக் கிடங்குகள், சிறை அறை. மாடியில் கவர்னரும் பாதிரியாரும் இருந்த அறைகள். இப்போது தொல்லியல் துறை அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. வெளியே தார் உருகும் வெயிலில் வந்த எங்களுக்குக் கீழ்க் கிடங்குக்குள் போனதும் உடம்பு குளிர்ந்தது. வீட்டுக்காரர் சுவரின் தடிமனைச் சாண் போட்டு அளந்தார். செங்கல்லையும் சுண்ணாம்பையும் விரலால் தடவி, "பூச்சு உதிர்ந்திருக்கு, வளைவுல ஒரு கல்லுகூட இறங்கலை" என்று சான்றிதழ் கொடுத்தார். அவர் வாயால் ஒரு பொருள் பாஸ் ஆவது லேசில்லை.

புதிய எருசலேம் ஆலயம் 1718இல் கட்டியது. 1706இல் வந்து இறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்க், தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். 36 வயதில் இறந்து அந்த ஆலயத்திலேயே அடக்கமானார். டென்மார்க் கம்பெனி மிளகும் துணியும் ஏற்றிச் சம்பாதித்ததெல்லாம் எங்கே போனதோ, அச்சுக்கூடத்தின் பலன் இங்கே தங்கிவிட்டது.

கோட்டைக்குப் பக்கத்தில் மாசிலாமணி நாதர் கோயில் நிற்கிறது. குலசேகர பாண்டியன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. மிச்சத்தைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். டென்மார்க்குக்காரர் வருவதற்கு முந்நூறு ஆண்டு முன்பே இது ஊர், இது துறைமுகம் என்பதற்கு அந்தக் கோயிலைவிட வேறு சாட்சி தேவையில்லை.

225 ஆண்டு வைத்திருந்து, வியாபாரம் படுத்ததும், 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனியிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்தான் ஞாபகம் வந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 2022இல் கார் தயாரிப்பை நிறுத்தியது. ஒப்பந்தம் போடுவது, சுற்றுச்சுவர் எழுப்புவது, கப்பலில் அனுப்புவது, கணக்கு சரிவராவிட்டால் கிளம்புவது. தங்க ஏட்டுக்குப் பதில் இப்போது சிப்காட்டின் 99 ஆண்டுக் குத்தகைப் பத்திரம், அவ்வளவுதான். ஒரு பெரிய வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். இன்று வருகிறவர்களிடம் பீரங்கி இல்லை.

காரைக்காலுக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து நாகூர் வழியாக ரயிலில் நாகப்பட்டினம் சேர்ந்தோம். போர்ச்சுகீசியரிடமிருந்து 1658இல் டச்சுக்காரர் பறித்து, 1690இல் பழவேற்காட்டிலிருந்து தலைமையிடத்தையே இங்கே மாற்றிக்கொண்ட ஊர். 1781இல் ஆங்கிலேயர் அதை அவர்களிடமிருந்து பறித்தார்கள். அதற்கெல்லாம் பல நூற்றாண்டு முன்னால், ராஜராஜ சோழன் காலத்திலேயே, ஸ்ரீவிஜய நாட்டு அரசன் இங்கே சூடாமணி விகாரம் கட்டினான். அதற்குச் சோழர் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்த செப்பேடுகள் டச்சுக்காரர் வழியாக ஹாலந்துக்குப் போய், லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் வாங்கின. தென்னகத்தின் பழைய ரயில் பாதைகளில் ஒன்று தொடங்கியதும் இங்கேதான். 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கும், மறு ஆண்டு திருச்சிக்கும் வண்டி ஓடியது. ரயில்வே பணிமனைகூட இங்கே இருந்து, பிறகு பொன்மலைக்குப் போனது.

இந்த ஊர்களைக் குட்டி பிரான்ஸ், குட்டி டென்மார்க் என்று சுற்றுலாப் புத்தகங்கள் விற்கின்றன. பார்த்துவிட்டு வந்த என் தீர்ப்பு வேறு. இவை நம் துறைமுகங்கள். சரக்கும் கைத்திறனும் இங்கே இருந்ததால் அவர்கள் தேடி வந்தார்கள். குடிக்கூலிக்கு வந்து வீட்டையே பிடித்துக்கொள்ளப் பார்த்தார்கள், கடைசியில் போய்விட்டார்கள்.

ரயில்வே துறைக்கு ஒரு விண்ணப்பம். மயிலாடுதுறை–தரங்கம்பாடி பாதையை மீண்டும் போடுங்கள். அந்தப் பகுதி மக்கள் பல காலமாகக் கேட்கிறார்கள். திருக்கடையூருக்கு வரும் தம்பதிகள் கூட்டம் ஒன்றே பெட்டியை நிரப்பிவிடும்.

ஷட்டவுனுக்கு என்ன செய்வது என்று யோசிக்கும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. மே மாதம் வேண்டாம் என்று நினைத்தால் தை மாதம் போங்கள். ஆனால் ரயிலிலேயே போங்கள். காரில் போனால் எல்லை எங்கே இருந்தது என்றே தெரியாது.