கரையானுக்கு எப்படித் தெரியும்?

சங்கரன்கோவிலில் குடியிருப்பவனுக்குப் பாம்பைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கோமதியம்மனைத் தரிசிக்க வருகிறவர்கள் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு, வீட்டுக்கும் ஒரு பொட்டலம் எடுத்துப் போகிறார்கள். ஸ்தல புராணத்திலேயே சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள் உண்டு. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று அவர்கள் போட்ட வழக்கைத் தீர்க்கத்தான் சுவாமி பாதி சங்கரராகவும் பாதி நாராயணராகவும் காட்சி தந்தார் என்பது ஐதீகம்.

ஆனால், 'கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது' என்ற பழமொழியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழும். பாம்பு உள்ளே வந்துவிட்டது என்பது கரையானுக்கு எப்படித் தெரியும்? தெரிவதற்குள் எத்தனை நாள் ஆகும்?

என் தங்கை மகன் சென்னையில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். ராத்திரி உத்தியோகம். வெவ்வேறு ஆபீசுகளின் கம்ப்யூட்டர்களில் யார் எப்போது நுழைந்தார்கள், எதைத் திறந்தார்கள், எங்கே என்ன அனுப்பினார்கள் என்ற பதிவுகளெல்லாம் அவன் முன்னாலுள்ள திரையில் வந்து விழுந்துகொண்டே இருக்குமாம். அவற்றில் அந்நியன் காலடி தென்படுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. "விடிய விடியப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு ஒரு சம்பளமா!" என்பது என் தங்கையின் அபிப்பிராயம். ஆடித்தபசுக்கு அவன் ஊருக்கு வந்திருந்தபோது என் சந்தேகத்தை அவனிடம் கேட்டேன்.

"பூட்டை உடைத்துக்கொண்டு வருகிறவனைப் பிடித்துவிடலாம், மாமா. சாவியைத் திருடிக்கொண்டு வருகிறவனிடம்தான் கஷ்டம். குமாஸ்தாவின் பெயரோடும் பாஸ்வேர்டோடும் வந்தால், யந்திரத்துக்கு அவனும் குமாஸ்தாதான்" என்றான்.

"பின்னே எப்படித்தான் கண்டுபிடிக்கிறீர்கள்?"

"குமாஸ்தா செய்யாத காரியத்தைச் செய்வான். பத்து மணிக்கு வருகிறவர் ராத்திரி இரண்டு மணிக்கு வருவார். சம்பளக் கணக்கு எழுதுகிறவர் சரக்குக் கணக்கைப் புரட்டிப் பார்ப்பார். தினம் நாலு கடிதம் அனுப்புகிறவர் திடீரென்று மூட்டை மூட்டையாக அனுப்புவார். வழக்கம் என்னவென்று தெரிந்திருந்தால்தான் வழக்கமில்லாதது கண்ணில் படும்."

இது எங்கள் ஊர்க்காரருக்குச் சுலபமாகப் புரியும். விசைத்தறி ஓடுகிற ஊர் இது. வெளியூர் விருந்தாளி தறிச் சத்தத்தில் தூக்கமே வரவில்லை என்பார். நாங்களோ சத்தம் நின்றால் விழித்துக்கொள்வோம்.

சத்தம் நின்றதைக் கவனிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கும்பகோணத்தில் ஒரு திருஷ்டாந்தம் இருக்கிறது. 1904-இல் அங்கே ஆரம்பித்த பாங்குதான் இன்றைய சிட்டி யூனியன் பாங்கு. வெளிநாடுகளுக்குப் பணம் அனுப்பும் உத்தரவுகள் 'ஸ்விஃப்ட்' என்ற சர்வதேச அமைப்பின் வழியாகப் போகும். போனதற்கு அத்தாட்சியாக ஒரு பிரிண்டர் தாள்களை அடித்துத் தள்ளும். 2018 பிப்ரவரி 6-ஆம் தேதி மாலை அந்தப் பிரிண்டர் ஓடவில்லை. பிரிண்டர் மக்கர் பண்ணுவது உலகத்தில் ஓர் அதிசயமா? மறுநாள் அதைச் சரிசெய்து, முதல் நாள் தாள்களை எடுத்துக் கணக்கோடு ஒத்துப் பார்த்தார்கள். பாங்கு அனுப்பவே அனுப்பாத மூன்று உத்தரவுகள் இருந்தன. துபாய்க்கு ஒன்று, துருக்கிக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று. மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். துபாய்க்குப் புறப்பட்ட ஐந்து லட்சம் வழியிலேயே மறிக்கப்பட்டது. பிரிண்டர் தானாகக் கெடவில்லை. திருடன் நாயின் வாயைக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் போயிருக்கிறான்.

2016 பிப்ரவரியில் டாக்காவிலும் இதே நாடகம் நடந்தது. பங்களாதேஷின் மத்திய பாங்கில் பிரிண்டர் ஊமையாகிவிட்டது. வழக்கமான கோளாறு என்றே நினைத்தார்கள். திருடர்கள் நாள் பார்த்து வந்தவர்கள். வெள்ளிக்கிழமை டாக்காவில் விடுமுறை, சனி ஞாயிறு நியூயார்க்கில் விடுமுறை. விசாரிக்க ஆரம்பிப்பதற்குள் 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவுக்குப் போய்விட்டது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் மட்டும் தப்பியது. பெற்றுக்கொள்ளும் ஸ்தாபனத்தின் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற வார்த்தையைத் திருடன் தப்பாக எழுதிவிட்டானாம். என் கதைகளுக்குப் புரூப் பார்க்கும் நண்பர் இதைக் கேட்டுப் பரமானந்தம் அடைந்தார்.

எனக்கு உறுத்தியது வேறு. அந்தத் திருடர்கள் 2015-இலேயே வேலைக்கு மனுப் போடுகிற பாவனையில் மின்னஞ்சல் அனுப்பி உள்ளே நுழைந்தவர்கள். ஓராண்டுக் காலம் புற்றுக்குள் பாம்பு சுருண்டு கிடந்திருக்கிறது. மேலே கரையான்கள் மண் சுமந்துகொண்டிருந்திருக்கின்றன.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் திருநெல்வேலிச் சீமையிலேயே, கூடங்குளத்தில், 2019-இல் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் வேவு பார்க்கும் நிரல் புகுந்திருந்தது. அதைக் கவனித்துச் செப்டம்பர் 4-ஆம் தேதி தெரிவித்தது டில்லியிலுள்ள 'செர்ட்-இன்' என்ற சர்க்கார் அமைப்பு. நம் வீட்டில் ஆள் புகுந்ததை அடுத்த தெருக்காரர் வந்து சொல்வது மாதிரி. விஷயம் வெளியே கசிந்ததும், அக்டோபர் 29-ஆம் தேதி, பரவும் செய்தி பொய் என்று நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது. மறுநாளே, நிரல் புகுந்தது உண்மைதான், ஆனால் அது நிர்வாக வேலைக்கான கம்ப்யூட்டர், முக்கியமான உள் அமைப்போடு தொடர்பில்லாதது என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. ஆபத்து அணு உலைக்கு எட்டவில்லை என்பது நிம்மதிதான். ஆனால் அந்த முதல் நாள் அறிக்கையை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. 2022-இல் வந்த உத்தரவின்படி, இப்படி ஒன்று நடந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்லியாக வேண்டும். பதிவுகளை 180 நாள் பத்திரப்படுத்த வேண்டும்.

"ஆறு மணி நேரம் என்பது தெரிந்த பிறகுதானே, மாமா? தெரிவதுதானே சங்கடம்!" என்றான் மருமகன். ஒரு ராத்திரியில் அவன் திரையில் நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகள் வருமாம். பெரும்பாலும் ஒன்றுமில்லாதவை; யாராவது பாஸ்வேர்டை மறந்திருப்பார்கள். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, ஒரு பெரிய அதிகாரியின் பெயரில் யாரோ அயல்நாட்டிலிருந்து நுழைவதைப் பார்த்து, உடனே அவருக்கு டெலிபோன் செய்திருக்கிறான். நுழைந்தவர் சாட்சாத் அந்த அதிகாரியேதான்! பிரயாணத்தில் இருந்தாராம். கண்டபடி திட்டியதோடு விடாமல், 'விவேகமுள்ள ஆளாகப் போடுங்கள்' என்று இவனுடைய மேலதிகாரிக்கும் எழுதிவிட்டார்.

"இன்னொரு தடவை அப்படி வந்தால் கூப்பிடுவாயா?" என்று கேட்டேன்.

"கூப்பிடுவேன். ஆனால் அதற்கு முன்னே இப்போதெல்லாம் பத்து நிமிஷம் யோசிக்கிறேன், மாமா."

அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.