காசோலைத் தாள் வந்த வழி

செஞ்சி வட்டத்து வல்லம் போன்ற ஊர்களில் மணிலாவுக்கும் நெல்லுக்கும் விதை, உரம், கூலி எனப் பணம் முன்னால் போய், விளைச்சல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை அடைந்த பின்னரே திரும்பி வருவதால், இடைப்பட்ட மாதங்களைக் கைமாற்றும் வட்டிக் கடனும் நிரப்புகின்றன. கடன் கொடுப்பவர், தொகை எழுதாத புரோநோட்டையும் கையொப்பம் மட்டும் இட்ட காசோலைத் தாளையும் ஈடாக வாங்கி வைத்துக்கொள்வது ஊரறிந்த நடைமுறை. தகராறு மூண்டபின் அந்தத் தாளில் தொகையும் தேதியும் ஏறுகின்றன. அது வங்கியிலிருந்து ‘போதிய இருப்பு இல்லை’ என்ற குறிப்போடு திரும்பி, சுருக்க விசாரணை வழக்குக்கு அடிப்படையாகிறது. அவ்வழக்கில் எதிர்வாதிக்காக நிற்கும் வழக்கறிஞரின் கைத்திறன் பெரும்பாலும் ஒரு பிரமாண வாக்குமூலத்துக்குள் அடங்குகிறது. கடனை அது எவ்வளவு உரக்க மறுத்தாலும், காசோலை வாதியின் கைக்குப் போன வழியைச் சொல்லாவிட்டால் அது நிற்பதில்லை.

சாதாரண உரிமையியல் வழக்கில் எதிருரை தாக்கல் செய்வது எதிர்வாதியின் உரிமை. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆவது கட்டளையோ, காசோலை, உண்டியல், புரோநோட்டு, எழுத்து ஒப்பந்தப்படி நிர்ணயிக்கப்பட்ட தொகை ஆகியவற்றைக் கோரும் வழக்குகளில் அந்த உரிமையை நீதிமன்றத்தின் அனுமதிக்கு உட்படுத்துகிறது. வணிகக் கடனாளிகள் பொய் எதிர்வாதங்களால் காலம் கடத்துவதைத் தடுக்க 1855இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டமே இம்முறையின் முன்னோடி. அழைப்பாணை கிடைத்த 10 நாட்களுக்குள் எதிர்வாதி முன்னிலையாகித் தம் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதன்பின் வாதி ‘தீர்ப்புக்கான அழைப்பாணை’ என்னும் இரண்டாவது ஆணையைச் சார்பு செய்வார். அது கிடைத்த 10 நாட்களுக்குள் எதிர்வாதம் செய்ய அனுமதி கோரும் மனு பிரமாண வாக்குமூலத்தோடு போடப்பட வேண்டும். மாவட்ட முன்சீப் நீதிமன்றங்களில் புரோநோட்டு வழக்குகள் பல சாதாரணப் பண வழக்குகளாகவே நடப்பதால், வக்காலத்து போட்டுவிட்டு எதிருரைக்கு வாய்தா வாங்கிப் பழகியவர்கள், பிராதின் தலைப்பில் வழக்கு எண்ணுக்குக் கீழே 37ஆவது கட்டளை குறிக்கப்பட்டிருப்பதைப் பார்க்கத் தவறி, தீர்ப்பாணை வந்தபின் விழித்துக்கொள்வதுண்டு. போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க விதியில் இடமிருக்கிறது என்றாலும், அந்த மன்னிப்பை நம்பித் தொழில் செய்ய முடியாது.

அனுமதியை எப்போது கொடுக்க வேண்டும் என்பதை, திரும்பிய காசோலை ஒன்றின் மீது எழுந்த மெக்கலெக் எஞ்சினியர்ஸ் வழக்கில் 1976இல் உச்ச நீதிமன்றம் படிப்படியாக வகுத்தது. அவ்வாண்டுச் சட்டத் திருத்தத்தை ஒட்டி அந்த வரையறைகளை 2016இல் ஹப்டவுன் வழக்கில் திருத்தியமைத்தது. வலுவான எதிர்வாதம் இருந்தால் நிபந்தனையற்ற அனுமதி. விசாரிக்கத்தக்க விவகாரம் இருந்தும் எதிர்வாதியின் நேர்மையில் ஐயம் இருந்தால் நிபந்தனை. நம்பத்தகாத கதையானால் முழுத் தொகைக்கும் வட்டிக்கும்கூட வைப்பீடோ பிணையமோ கேட்கலாம். எதிர்வாதமே இல்லையென்றால் மறுப்பு. அனுமதி தருவதே பொதுவிதி, மறுப்பது விலக்கு என்று 2022இல் பி. எல். காஷ்யப் நிறுவன வழக்கில் கூறப்பட்டதை எதிர்வாதித் தரப்பினர் விரும்பி மேற்கோள் காட்டுகின்றனர். ஆயினும் மேற்கோள்கள் வாக்குமூலத்தில் உள்ள உண்மைகளைத் தாங்குமே தவிர, இல்லாத உண்மைகளை உண்டாக்கித் தருவதில்லை.

‘ஈட்டுக்குக் கொடுத்த வெற்றுக் காசோலை’ என்ற வாசகம் இங்கேதான் பலரை ஏமாற்றுகிறது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 118ஆவது பிரிவு, ஆவணம் மறுபயனுக்காக, அதாவது பணமோ பொருளோ பெற்றுக்கொண்டே, எழுதித் தரப்பட்டது என்று அனுமானிக்கச் சொல்கிறது. கையொப்பத்தை ஒப்புக்கொண்ட கணமே அந்த அனுமானத்தை உடைக்கும் சுமை எதிர்வாதியின் தோளில் ஏறுகிறது. ஆடை ஏற்றுமதித் தொழிலில் எழுந்த தமிழ்நாட்டு வழக்கான கலாமணி டெக்ஸ் வழக்கில், 11.20 லட்சம் ரூபாய்க் காசோலையைப் பற்றி, வெற்றுத் தாள்களில் பெற்ற கையொப்பம் தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்ற வாதம் எழுப்பப்பட்டது. தாமாக முன்வந்து கையொப்பமிட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைக்கும், மாறான சான்று இல்லாதவரை, இந்த வகை அனுமானம் பொருந்தும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. அது குற்ற வழக்கு. இருந்தும் உரிமையியல் மனுவை எழுதுபவருக்கும் அதுவே எச்சரிக்கை.

ஆகவே, எந்த ஆண்டு, எந்தக் கடனுக்காக, யார் முன்னிலையில் தாள் கொடுக்கப்பட்டது, அந்தக் கடன் எந்தெந்தத் தேதிகளில் அடைபட்டது, அடைபட்டபின் தாளைத் திருப்பிக் கேட்டதற்கு என்ன தடயம் என்பவற்றை வாக்குமூலம் வரிசையாகச் சொல்ல வேண்டும். இவற்றில் மிகுந்த பயன் தருவது தாளின் வரிசை எண்ணே: அதே புத்தகத்தின் முந்தைய, பிந்தைய தாள்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே பணமாகியிருப்பதை வங்கிக் கணக்கு அறிக்கை காட்டுமானால், அல்லது வேறு வங்கியோடு இணைந்துபோன ஒரு வங்கியின் பழைய பெயர் தாளில் இருக்குமானால், அண்மைத் தேதியில் கடன் வாங்கிக் கொடுத்த காசோலை அது என்ற வாதியின் கூற்று தானே ஆட்டம் காணும். தவணை வசூலித்த குறிப்புப் புத்தகம், கைபேசிப் பணப் பரிமாற்றப் பதிவுகள் ஆகியவற்றின் பயன் அடுத்த படியில் வருகிறது. வாதிக்கு அத்தொகையைக் கொடுக்கும் வசதி இருந்ததா என்ற கேள்வியும் வெறும் ஏளனமாக நின்றுவிடக் கூடாது. 6 லட்சம் ரூபாய்க் கடன் பற்றிய கருநாடகக் குற்ற வழக்கொன்றில், கொடுத்தவராகச் சொல்லிக்கொண்டவரின் வரவு செலவைக் கணக்கிட்டுக் காட்டியதால்தான் 2019இல் உச்ச நீதிமன்றம் விடுதலையை மீட்டளித்தது.

மையின் வயதை அறிய நிபுணரிடம் அனுப்பச் சொல்லும் மனு பலருக்குப் பிடித்த ஆயுதமாக இருந்தும், அதற்குரிய அறிவியல் வசதி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2010லேயே சொல்லிவிட்டதால், அது பெரும்பாலும் வாய்தாவை மட்டுமே வாங்கித் தருகிறது. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டல், மீட்டர் வட்டி முதலியவற்றைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. ஆனால் அதைத் துணைக்கு அழைப்பவர் கொடுத்த அசலையும் வாங்கிய வட்டியையும் எண்ணால் காட்ட வேண்டியிருப்பதோடு, அசலில் ஒரு பகுதி பாக்கி என்று ஒப்புக்கொண்டால் அத்தொகையை நீதிமன்றத்தில் கட்டாமல் அனுமதி கிடைக்காது என்பதையும் முன்கூட்டியே கட்சிக்காரருக்குச் சொல்லிவிட வேண்டும்.

இவை அனைத்துக்கும் முந்தியது பதில் அறிவிப்பு. காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவின்படி அனுப்பப்படும் அறிவிப்புக்குக் கட்சிக்காரர் தாமே எழுதிய, அல்லது எழுதாமலே விட்ட பதில், பின்னர் குற்றவியல் நீதிமன்றத்திலும் உரிமையியல் நீதிமன்றத்திலும் அவருக்கு எதிரே வைக்கப்படுகிறது; அங்கே ‘காசோலை தொலைந்துவிட்டது’ என்றவர் இங்கே ‘ஈடாகக் கொடுத்தேன்’ என்றால் இரண்டு கதைகளும் ஒன்றையொன்று கொன்றுவிடும். அதனால் தேர்ந்த வழக்கறிஞர் வாக்குமூலத்தை எழுத உட்காருமுன் பழைய பதில் அறிவிப்பையும் வங்கி அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். கூடவே, நிபந்தனை விதிக்கப்படுமானால் ரொக்க வைப்பீட்டுக்குப் பதில் நிலத்தையோ வீட்டையோ பிணையமாக ஏற்குமாறு கேட்பதற்குரிய பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றையும் அன்றே கொண்டுவரச் சொல்கிறார், ஏனெனில் வைப்பீட்டுக்கான கெடு தவறினால் அனுமதி கிடைத்தும் வாதிக்கே தீர்ப்பாணை போய்விடும்.