அம்பாசிடருக்கு ஏற்ற செருப்பு

சுவரிதழில் மழைநீர், மரம், மயில் என்று எல்லோரும் அழகாக எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது டயரைப் பற்றி. சிரிக்காதீர்கள்! நாம் வரும் பஸ், சைக்கிள், ஷேர் ஆட்டோ எல்லாம் டயர் மேல்தான் ஓடுகின்றன. ஒரு கார் டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். நாலு உள்ளங்கையை நம்பித்தான் ஒரு குடும்பமே காரில் உட்கார்ந்து போகிறது.

என் அப்பா அரியலூர் - பெரம்பலூர் சாலையோரம் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். சனி, ஞாயிறு நானும் கடையில் இருப்பேன். "பொம்பளப் புள்ளைக்கு டயர் கடையில என்ன வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. "கணக்கு எழுதுது" என்று அப்பா சொல்லிவிடுவார். கணக்கு மட்டும் இல்லை. டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்க்கவும் எனக்குத் தெரியும்.

பொங்கலுக்கு முன்னால் பக்கத்து ஊர் அண்ணன் ஒருவர் தன் அம்பாசிடரை ஓட்டிக்கொண்டு வந்தார். 1993-ல் அவருடைய அப்பா வாங்கிய கார். நம்பர் டி.என்.45, அதாவது திருச்சி. 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆகி 46 வந்தது. 2007-ல் அரியலூர் மறுபடி தனி மாவட்டம் ஆகி 61 வந்தது. கார் அதே வீட்டு வாசலில்தான் நிற்கிறது, மாவட்டம்தான் மாறிக்கொண்டே போனது! அந்த அம்பாசிடரைத் தயாரித்த மேற்கு வங்காளத்து உத்தர்பாரா தொழிற்சாலையும் 2014-ல் நின்றுவிட்டது.

அண்ணனுடைய அப்பா இப்போது இல்லை. தை மாதம் தங்கச்சிக்குக் கல்யாணம். பெண்ணை அப்பா காரில்தான் மண்டபத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது அண்ணன் ஆசை. நாலு டயரும் மொட்டையாகிவிட்டதால் மாற்றியே ஆகவேண்டும். அவர் போனில் ஒரு படம் காட்டினார். 1964-ல் அமெரிக்காவில் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. என்ற கார். பெரிய இன்ஜின் வைத்த அந்த மாதிரிக் கார்களை அங்கே 'மசில் கார்' என்பார்களாம். படத்தில் இருந்த காருக்குப் பளபளவென்று அலாய் வீல், அகலமான டயர். "அண்ணே, இதே மாதிரி 17 இஞ்ச் அலாய் போட்டுடுங்க. காசு ரெடியா இருக்கு" என்றார்.

அந்த மாதம் கடையில் வியாபாரம் மந்தம். அலாய் வீலும் டயரும் வாங்கிக் கொடுத்தால் அப்பாவுக்கு நல்ல லாபம் நிற்கும். ஆனால் அப்பா உடனே சரி என்று சொல்லவில்லை. "பாப்பா, டேப்பை எடு" என்றார்.

இங்கே கொஞ்சம் கணக்குப் பாடம். டயரின் பக்கத்தில் உள்ள எண்களைப் பார்த்திருப்பீர்கள். அண்ணன் கேட்ட டயர் 205/50 ஆர் 17. இதில் 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 50 என்பது அந்த அகலத்தில் 50 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 102.5 மி.மீ. 'ஆர்' என்றால் ரேடியல். 17 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில். 17-ஐ 25.4-ஆல் பெருக்கினால் 431.8. மேலும் கீழும் இரண்டு பக்கச் சுவர் சேர்த்தால் டயரின் மொத்த விட்டம் 636.8 மி.மீ. அதாவது 64 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. சுற்றளவு 200 செ.மீ.

அம்பாசிடரின் பழைய டயர் 5.90-15. அகலம் 5.9 இஞ்ச், அதாவது 150 மி.மீ. ரிம் 15 இஞ்ச். ஸ்டெப்னியைச் சுற்றி டேப் பிடித்தோம். 208 செ.மீ. வந்தது. 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 66 செ.மீ. நம் கணக்கு டீச்சர் வட்டம் நடத்தியபோது இது எதற்கு உதவும் என்று கேட்டவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவும்!

இரண்டுக்கும் 8 செ.மீ. வித்தியாசம். இதனால் மீட்டர் 60 காட்டும்போது கார் 58-தான் போகும். "அது கெடக்கட்டும்" என்றார் அப்பா. "இதுல பக்கச் சுவரு 14 சென்டிமீட்டர். நீங்க கேக்குறதுல 10தான். அந்தச் சுவத்துக்குள்ள இருக்குற காத்துதான் தம்பி பள்ளத்துல அடி வாங்கிக்கிது. நம்ம ரோட்டுல சுண்ணாம்புக்கல் லாரி ஓடி ஓடி எங்க பள்ளம்னு சொல்ல முடியாது. அடி நேரா ரிம்முல எறங்கும். அலாய் வெடிப்பு விட்டா என்ன செய்வீங்க?"

இன்னும் இரண்டு காரணம் சொன்னார். அந்தக் காரில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. அகல டயர் போட்டால் திருப்புவதற்குள் தோள் கழன்றுவிடும். அடுத்தது, அண்ணன் டிக்கியில் சின்ன வெங்காய மூட்டை ஏற்றுகிறவர். பாரம் ஏறிக் கார் பின்னால் அமுங்கும்போது அகல டயர் மட்கார்டில் உரசும். வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர், மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறார். வெங்காய மூட்டைக்குச் சொல்ல வேண்டுமா?

"அப்ப முன்னாடி ரெண்டு மட்டுமாவது ரேடியல் போடுவோம்ணே" என்றார் அண்ணன். அதற்கும் அப்பா தலையாட்டவில்லை. பழைய வகை டயரில் உள்ளே நூல்கள் கயிற்றுக் கட்டில் மாதிரி குறுக்கும் மறுக்குமாக ஓடும். ரேடியலில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராக ஓடும். மேலே இரும்புக் கம்பிப் பட்டை இருக்கும். பிரான்சு நாட்டு மிஷெலின் கம்பெனி 1946-ல் இதற்குக் காப்புரிமை வாங்கியது. ரேடியல் சாலையை நன்றாகப் பிடிக்கும், சூடு குறைவு, நாளும் உழைக்கும். ஆனால் முன்னால் அது, பின்னால் பழைய வகை என்று கலந்தால், வளைவில் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கும், வண்டி சுற்றிவிடும். போட்டால் நாலும் ஒரே வகை.

ஸ்டெப்னியைப் பார்த்து அண்ணன், "இது புதுசுதானே, பட்டன் அப்படியே இருக்கே" என்றார். நான் டார்ச் அடித்து, ஓரத்தில் இருந்த நாலு எண்ணைக் காட்டினேன்: 0912. 2012-ஆம் வருஷம் 9-ஆவது வாரம் செய்த டயர். ஒரு நாள்கூட ஓடவில்லை, ஆனால் ரப்பர் முழுக்க மயிரிழை வெடிப்பு. டயர் ஓடினாலும் வயசாகும், சும்மா இருந்தாலும் வயசாகும். அண்ணன் என்னையும் அந்த எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். அதுவரை அப்பாவிடம் மட்டுமே பேசிக்கொண்டிருந்தவர், "அப்ப எதுதான் போடலாம் பாப்பா, நீயே சொல்லு" என்றார்.

"பழைய ரிம்மையே பெயின்ட் அடிச்சு, அதே 5.90-15 புதுசு அஞ்சு போடுங்கண்ணா. ஸ்டெப்னியும் சேத்து" என்றேன். அப்பா ஒன்றும் பேசவில்லை, மீசைக்குள் சிரித்தார்.

அம்மாவுக்குத்தான் கோபம். "வீடு தேடி வர்ற லட்சுமிய யாராச்சும் தட்டி விடுவாங்களா?" என்று இரவு கேட்டது. அப்பா, "கல்யாணப் பொண்ணு ஏறப்போற வண்டி" என்று மட்டும் சொன்னார். அம்மா அப்புறம் பேசவில்லை.

திருச்சியில் தேடி டயர் வந்தது. ரிம்முக்கு வெள்ளிப் பெயின்ட், நடுவில் பழைய குரோம் மூடி. எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பியபோது கார் புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தது. அந்த ஜி.டி.ஓ. கார் மாதிரி இல்லை, அம்பாசிடர் மாதிரி இருந்தது. விரலுக்கேத்த வீக்கம் என்பார்களே, அதுதான். டயர் என்பது வண்டியின் செருப்பு. செருப்பு பார்க்க நன்றாக இருந்தால் போதாது, காலுக்கும் நடக்கிற பாதைக்கும் தூக்குகிற சுமைக்கும் பொருந்த வேண்டும்.

ஒரு பெருமையான செய்தி. நம் பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலை இருக்கிறது. அந்தக் கம்பெனியை மம்மன் மாப்பிள்ளை என்பவர் அதே 1946-ல் சென்னை திருவொற்றியூரில் தொடங்கினார். முதலில் செய்தது டயர் அல்ல, குழந்தைகள் ஊதும் பலூன்! பலூனிலிருந்து டயர் வரை வந்திருக்கிறார்கள். பஞ்சர் கடையிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வர முடியாதா என்ன?

தோழர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டு வண்டி டயரில் அந்த நாலு எண்ணைத் தேடிப் படியுங்கள். பள்ளக் கோடுகளுக்குள் சின்ன மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டதா என்று பாருங்கள், கார் டயரில் அது 1.6 மி.மீ. உயரம். சமமாகிவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். கடைசியாக, காற்று எப்போது பிடித்தீர்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள். "உனக்கு எதுக்கு?" என்றால், பின்னால் உட்கார்ந்து வருவது நான்தானே என்று சொல்லுங்கள்.

- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி