கூடத்தில் ஒரு வர்ண அச்சியந்திரம்

தில்லியில் குடியிருக்கும் நம்மவர் பலருக்கு வீடு என்பது இரண்டு அறைகளும் ஒரு கூடமுமே. விருந்தினர் அமர்வதும், குழந்தைகள் படிப்பதும், மாலையில் குடும்பம் முழுவதும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடுவதும் அந்தக் கூடத்தில்தான். அங்கே வர்ணப் படங்களை அச்சிடும் 'இங்க்ஜெட்' இயந்திரம் ஒன்றையும் வைக்கலாமா, வைத்தால் பயன் உண்டா என்னும் கேள்வி சென்ற ஆண்டு எங்கள் இல்லத்தில் எழுந்தது. சில வாரங்கள் விசாரித்தும், கடைகளில் அச்சிட்டுப் பார்த்தும் அறிந்தவற்றை அன்பர்களுக்கு உதவக்கூடும் என்று எழுதுகிறேன்.

எங்களுக்குத் தேவை இரண்டு. கும்பகோணத்துக்கு அருகில் கிராமத்தில் இருக்கும் என் தாயாருக்குக் கைப்பேசியின் சிறு திரையில் எதுவும் தெளிவாகத் தெரிவதில்லை. பேத்தியின் முகத்தைக் காகிதத்தில் கண்டால்தான் அவருக்கு நிறைவு. மற்றொரு தேவை என் மகளைப் பற்றியது. அவள் தமிழைத் தடையின்றிப் பேசுவாள். படிப்பதோ எழுத்துக் கூட்டித்தான். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும். கடைத்தெருப் பலகைகளிலும் அவையே. பெரிய எழுத்தில், படத்தோடு, சிறு கதைகளை அச்சிட்டு அவள் கையில் கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம்.

"டெலிவிஷனுக்குப் பக்கத்தில் ஆபீஸ் சாமானா?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆயினும், கண்ணுக்குப் படாத மூலையில் மூடிவைத்த பொருளை எவரும் நாடிச் செல்வதில்லை.

முதலில் வர்ணத்தைப் பார்ப்போம். தொலைக்காட்சித் திரையில் பளிச்சென்று தோன்றும் படம், காகிதத்தில் சற்று மங்கியே காணும். இது இயந்திரத்தின் குற்றமன்று. திரையானது சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளைக் கூட்டி வர்ணம் காட்டுகிறது. காகிதத்துக்குத் தன்னொளி இல்லை. அதன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை மை விழுங்கிவிட, எஞ்சியதே நம் கண்ணுக்கு வருகிறது. சாதாரண இயந்திரங்களில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகள் உண்டு. கடைக்காரர் காட்டும் மலர்ப் படத்தைக் கண்டு மயங்காமல், நம் வீட்டுப் படம் ஒன்றை அச்சிடச் சொல்ல வேண்டும். முகத்தின் மாநிறம் சரியாக வருகிறதா, அரக்கு நிறப் பட்டுச் சேலை கறுத்துவிடுகிறதா என்று பார்த்தால் இயந்திரத்தின் தரம் விளங்கிவிடும்.

அடுத்தது கூர்மை. 'ஃபுல் எச்டி' எனப்படும் திரையில் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 என ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள் உண்டு. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 4 அங்குலத்துக்கு 6 அங்குலப் படம் ஒன்றுக்கு 21 இலட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள் போதும். அதையே ஏ4 தாள் முழுவதும் அச்சிட 87 இலட்சம் புள்ளிகள் வேண்டும். எனவே அத்தகைய திரையில் தெளிவாகத் தெரிவது அஞ்சலட்டை அளவில் நன்றாக வரும். தாள் நிறையப் பெரிதாக்கினால் கலங்கிப் போகலாம். தமிழெழுத்தைப் பற்றிக் கவலை வேண்டா. எழுத்தின் வடிவை அமைத்து அனுப்புவது கைப்பேசியோ கணிப்பொறியோதான்.

விலையைக் காட்டிலும் மையின் செலவே ஆராயத்தக்கது. நான் பார்த்த மலிவான இயந்திரம் ஒன்றில் வர்ண மைக்கூடு 800 ரூபாய். 160 பக்கம் வரும் என்றார்கள். பக்கத்துக்கு 5 ரூபாய் ஆகிறது. குப்பியிலிருந்து மை ஊற்றும் தொட்டி வகைக்கு முதற்செலவு இரண்டு மூன்று மடங்கு. ஆனால் பக்கத்துக்குச் சில காசுகளே ஆகும். படம் நிறைந்த பக்கத்துக்கும், பளபளப்பான தாளுக்கும் செலவு கூடும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இனி, நம் போன்றோருக்கே உரிய ஒரு சங்கடம். மே மாத நடுவிலிருந்து ஜூன் இறுதி வரை நம்மில் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறோம். தில்லியில் 'லூ' என்னும் அனற்காற்று வீசும் பருவமும் அதுவே. மயிரிழையினும் நுண்ணிய துளைகளில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் மை வீணாகும். மைக்கூட்டிலேயே அச்சுமுனை அமைந்த வகையில், புதுக் கூடு போட்டால் புது முனையும் கிடைத்துவிடும். தொட்டி வகையில் முனை பெரும்பாலும் இயந்திரத்தோடு சேர்ந்தது. பழுது பார்க்கச் செலவு மிகுதி. ஊருக்குப் புறப்படுமுன் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தியே நிறுத்த வேண்டும். அப்போதுதான் முனை தன் மூடியில் சென்று அமரும். சுவரிலுள்ள சுவிட்சை மட்டும் அணைத்தால் அது பாதி வழியில் நின்றுவிடக் கூடும். ஊரிலிருந்து திரும்பிய அன்றே ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்ப்பதும் நலம்.

வைக்கும் இடத்துக்கும் இலக்கணம் உண்டு. அச்சிடும்போது சற்று அதிருமாதலால் தொலைக்காட்சி வைத்த பலகையிலேயே வைக்கலாகாது. வெயில் படும் சன்னலும் ஆகாது. மலிவான வகைகளுள் பல, 'வைஃபை'யில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே சேரும். இதை முன்னரே கேட்டறிவது நன்று.

இவ்வளவும் எண்ணி, நாங்கள் தொட்டி வகையையே தேர்ந்து, கூடத்தின் ஓரத்தில் ஒரு முக்காலியில் வைத்தோம். ஞாயிறுதோறும் வர்ணப் படத்தோடு ஒரு தமிழ்ப் பக்கம். மாதம் ஒருமுறை என் தாயாருக்கு ஒரு நிழற்படம். தொலைக்காட்சி போடுமுன் அந்தப் பக்கத்தை உரக்கப் படிப்பது வீட்டு வழக்கமாயிற்று. முதலில் நான் எழுதி வந்த முகவரியை இப்போது மகளே எழுதுகிறாள். படத்தின் பின்புறம் பாட்டிக்கு இரண்டு வரியும் எழுதுகிறாள். ரகர றகரம் இன்னும் மாறுகின்றன. "படத்தை விட அந்த எழுத்தைத்தான் எல்லோருக்கும் காட்டுகிறேன்" என்று என் தாயார் தொலைபேசியில் சொன்னார்.

வாரம் ஒரு பக்கமேனும் அச்சிடும் வேலை இல்லாத வீட்டுக்கு இந்த இயந்திரம் வேண்டா. கடைத்தெருவில் காசு கொடுத்து அச்சிட்டுக்கொள்வதே சிக்கனம். வாரந்தோறும் அச்சிட நம் மொழியில் ஏதேனும் உண்டு என்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். வாங்கியதைக் கூடத்திலேயே வைக்கலாம்.