முதலில் பார்ப்பது குழாய்ச் சுவரை

மாற்றுச் சிறுநீரகத்தின் பயாப்ஸி ஸ்லைடு மேசைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது ரத்த நுண்குழாய்களைத்தான். மற்றதெல்லாம் அப்புறம். சி4டி சாயம் ஏற்றிய துண்டில் அந்தச் சுவர்கள் பழுப்பு வளையங்களாகத் தெரிந்தால், நோயாளியின் எதிர்ப்பொருள் அங்கே வந்து ஒட்டி, காம்ப்ளிமெண்ட் புரதங்களைத் தூண்டியிருக்கிறது என்று அர்த்தம். வளையத்துக்குள் வெள்ளணுக்களும் நெருக்கியடித்து நின்றால் ரிப்போர்ட் எழுதக் காத்திருக்க மாட்டேன். உடனே வார்டுக்குப் போன் போடுவேன்.

பன்றியின் சிறுநீரகத்தை அப்படியே மனிதருக்குப் பொருத்தினால் இந்த அவகாசம்கூடக் கிடைக்காது. ரத்தம் பாய்ந்த சில நிமிடங்களில், மிஞ்சினால் சில மணி நேரத்தில், நுண்குழாய்கள் அடைத்து உறுப்பு கறுத்துவிடும். காரணம் ஒரு சர்க்கரை. ஆல்ஃபா-கேல் என்ற அது பன்றியின் குழாய் உட்சுவர் எங்கும் இருக்கிறது. மனிதரும் வாலில்லாக் குரங்குகளும் அதை உண்டாக்கும் திறனைக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இழந்துவிட்டார்கள். ஆனால் நம் குடல் பாக்டீரியாக்கள் சிலவற்றின் மேல் அதே போன்ற சர்க்கரை உண்டு. அதைப் பார்த்துப் பழகியே, கைக்குழந்தைப் பருவத்திலிருந்து எதிர்ப்பொருள் உருவாகிவிடுகிறது. பன்றியைக் கண்ணால் பார்க்காதவர் ரத்தத்திலும் அது தயார். ஏ, பி ரத்த வகைகளும் இத்தகைய சர்க்கரைகளே. ஓ வகைக்காரருக்கு பி ரத்தம் ஏற்றினால் நேரும் விபரீதமும் இதே வழியில் வருவதுதான். உடம்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கிருமிக்கு எதிராக நம்மைக் காப்பதும் இதே காவல்தானே.

அந்தச் சர்க்கரையை நீக்கிய பன்றியின் சிறுநீரகத்தை, 2021 செப்டம்பரில் நியூயார்க்கில் ராபர்ட் மாண்ட்கோமரி குழு மூளைச்சாவு அடைந்த ஒருவரின் உடலில் இணைத்தது. 54 மணி நேரம் சிறுநீர் பிரிந்தது. நிமிடக் கணக்கில் வரும் அழிவு வரவில்லை. ஆனால் இப்படி இணைத்த சிறுநீரகங்களின் திசுவைப் பாரிஸின் அலெக்சாண்டர் லூப்பி குழு நுணுகிப் பார்த்தபோது, நுண்குழாய்களில் மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் சேரத் தொடங்கியிருந்தன. வேலை ஒழுங்காக நடக்கும்போதே சுவரில் சண்டை ஆரம்பித்துவிட்டது. இந்தத் தொழிலில் இருப்பவர் மனதில் பதித்துக்கொள்ள வேண்டிய இடம் இது.

2024 மார்ச்சில் பாஸ்டனில் ரிச்சர்ட் ஸ்லேமன் என்ற நோயாளிக்கு 69 மரபணுத் திருத்தங்கள் செய்த பன்றிச் சிறுநீரகம் பொருத்தினார்கள். 8ஆம் நாள் நிராகரிப்பு. ஆனால் அதை நடத்தியவை எதிர்ப்பொருள்கள் அல்ல, டி அணுக்கள் என்ற வெள்ளணுக்கள். மனிதரிடமிருந்து மனிதருக்கு மாற்றும்போது நாங்கள் அன்றாடம் காணும் வகை. ஸ்டீராய்டு உள்ளிட்ட மருந்துகளுக்கு அது அடங்கியது. 52ஆம் நாள் அவர் இறந்தது இதயக் கோளாறால். பிரேதப் பரிசோதனையில் நிராகரிப்பின் அடையாளம் இல்லை. அவரை இழந்த துயரத்துக்கு நடுவிலும் இது எனக்குத் தெம்பு தரும் செய்தி. முகம் தெரிந்த நிராகரிப்புக்கு மருந்து உண்டு, நேரத்தில் பிடித்தால் போதும். அதனால்தான் சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு சரியாக இருக்கும் நாளிலும், பன்றிச் சிறுநீரகம் பெற்றவருக்குக் குறித்த இடைவெளியில் பயாப்ஸி எடுத்தே ஆகவேண்டும் என்கிறேன்.