அமுச்சியின் ‘சுளுக்கு’

“சுளுக்குதான் கண்ணு... வழிச்சுவுட்டாச் சரியாப் போயிரும்.”

பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வீடு. இடது தொடை இடுக்கில் வலி வந்தபோது அமுச்சி பேரனிடம் சொன்னது இதுதான். விளக்கெண்ணெயும் தடவியாயிற்று. மறுநாள் காலை திண்ணைப் படி இறங்கும்போது முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். தொடையின் முன்பக்கம் மரத்துப்போயிருந்தது.

கோவையில் அவசரப் பிரிவு டாக்டர் முதலில் காலைப் பார்க்கவில்லை. “என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?” என்றார்.

செயற்கை இதய வால்வு வைத்ததிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க தினமும் வார்ஃபரின். தோப்பில் காய் வெட்டு என்று மூன்று மாதமாக ரத்தப் பரிசோதனைக்குப் போகவில்லை. நடுவே மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை வேறு. யாரிடமும் சொல்லவில்லை. 3-ஐ ஒட்டி இருக்க வேண்டிய ஐ.என்.ஆர் 7-ஐத் தாண்டியிருந்தது.

ஸ்கேனில் தெரிந்தது சுளுக்கு அல்ல. இடுப்பெலும்பை ஒட்டிய தசைக்குள் ரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. தொடை நரம்பு போகும் வழி அது. சுற்றிலும் இறுக்கமான உறை என்பதால், தேங்கிய ரத்தம் விரிய இடமில்லாமல் நரம்பை நசுக்குகிறது. முழங்காலை நீட்ட முடியாமல் போனது அதனால்தான். அந்த இடத்தை அழுத்தி வழித்துவிட்டிருந்தால் கசிவு கூடியிருக்கும்.

இதே கசிவு முதுகுத்தண்டில் என்றால் இரண்டு கால்களும் விழும், சிறுநீர் அடைத்துக்கொள்ளும். மூளையிலும் நடக்கும். இஸ்ரேல் பிரதமர் ஏரியல் ஷரோன் லேசான பக்கவாதத்துக்குப் பிறகு ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டுவந்தார். 2006 ஜனவரியில் மூளையில் பெரும் ரத்தக்கசிவு. 2014-ல் இறக்கும்வரை அவர் மீளவில்லை.

மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு இந்த மருந்தின் கதை சட்டென்று புரியும். 1920-களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. அந்தத் தீவனத்திலிருந்த பொருளை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. மனிதர்களுக்கு அனுமதி 1954-ல்.

“அப்ப இந்த மாத்திரையே வேண்டாமுங்க டாக்டர்” என்றான் பேரன். அதுவும் முடியாது. ஒரேயடியாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்துவிடும். வைட்டமின் கே ஊசி, பிளாஸ்மா ஏற்றி, சில நாள் நிறுத்தி, கசிவு நின்றதை உறுதிசெய்த பிறகே மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள்.

நரம்பு தேற மாதங்கள் ஆயின. இப்போது காலண்டரில் பரிசோதனைத் தேதியைப் பேரன் சிவப்பில் வட்டமிடுகிறான். அமுச்சி தடி ஊன்றித்தான் படி இறங்குகிறார். எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் யாரும் எடுத்து ஒளித்துவைக்கவில்லை. “வாசலுக்கு வந்தவங்களுக்குத் தடவுறதுக்காவது இருக்கட்டும்” என்கிறார். தடவுமுன், “ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை கீது சாப்பிடறீங்களா சாமி?” என்று கேட்டும்விடுகிறார்.